வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அரசியலுக்குப் போகலாமா? (நண்பருக்காகக் கேட்கிறேன்)

சாக்பீஸ்

நண்பருக்காகத்தான் கேட்கிறேன், உண்மையிலேயே நண்பருக்காகத்தான். எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். வயது 51, சர்வீஸ் 24 வருடம். 2003 ஏப்ரலுக்கு முன்பே சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம். பத்து வருடமாக ஆசிரியர் சங்கத்தில் வட்டாரப் பொறுப்பில் இருக்கிறார். ஊரில் நல்ல பெயர். கடைவீதியில் அவரோடு நடந்தால் ஒரு டீ குடித்துத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். அத்தனை பேர் நிறுத்தி வணக்கம் வைப்பார்கள்.

இப்போது ஒரு கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர், "வாங்க சார், சீட் பார்த்துக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை. "கல்வித் துறையை உள்ளேயிருந்து பார்த்தவன் ஒருத்தனாவது சட்டமன்றத்துல இருக்கணும்ல" என்பது அவர் வாதம். வீட்டில் கடும் எதிர்ப்பு, பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். என்னிடம் கருத்துக் கேட்டார். எனக்குத் தெரிந்தது இயற்பியல் மட்டும்தான், அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன். சட்டம் தெரிந்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். கட்சிப் பெயரை இழுத்துச் சண்டை வேண்டாம்.

தாவாக்காரன்

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். 1973-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி அவர் ஒரு கட்சியில் உறுப்பினராகக்கூட இருக்க முடியாது. அரசிடம் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்கிறது அரசியலமைப்பின் 191-வது பிரிவு. வேட்புமனுப் பரிசீலனை நாளில் அவர் பணியில் இருந்தால் மனு தள்ளுபடிதான்.

வெளியே வர இரண்டு வழி: ராஜினாமா, விருப்ப ஓய்வு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ராஜினாமா செய்தால் அதுவரை செய்த பணிக்காலம் மொத்தமும் கணக்கிலிருந்து போய்விடும், ஓய்வூதியம் கிடையாது. 24 வருடமும் ஆற்றில் கரைத்த புளி. விருப்ப ஓய்வுக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 20 வருடத் தகுதிப் பணிக்காலம் வேண்டும். மூன்று மாத முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். உங்கள் நண்பருக்கு இரண்டு தகுதியும் இருக்கிறது. ஆனால் பழைய போராட்டத்துக்காகப் போட்ட 17(பி) ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பணிப்பதிவேட்டை ஒரு தடவை பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. தேர்தல் செலவு உச்சவரம்பு 40 லட்சம். அது காகிதத்தில் உள்ள உச்சவரம்பு. மாவட்டப் பொறுப்பாளர் வேறு ஏதாவது தொகை சொன்னாரா?

சாக்பீஸ்

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றாராம்.

தாவாக்காரன்

ம்.

மேலவைப் பிரியன்

இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் சட்டமன்றத்தில் இரண்டாவது சபையாக மேலவை என்று ஒன்று இருந்தது. அரசியலமைப்பின் 171-வது பிரிவைப் பாருங்கள்: மேலவை உறுப்பினர்களில் 12-ல் ஒரு பங்கு ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பவர்கள், இன்னொரு 12-ல் ஒரு பங்கு பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பவர்கள். தமிழ்நாட்டு மேலவையில் 63 பேர் இருந்தார்கள். ஆசிரியர் தொகுதியில் நிற்பவர் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை. பள்ளி பள்ளியாகப் போனால் போதும். 1986 நவம்பர் 1-ல் அதை மூடினார்கள். 2010-ல் திரும்பக் கொண்டுவரச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, நாடாளுமன்றமும் சட்டம் போட்டது, 2011-ல் ஆட்சி மாறியதும் கிடப்பில் போய்விட்டது. இன்று ஆறு மாநிலங்களில் மேலவை இருக்கிறது. கேரளத்தை விட்டால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் என்று தெற்கே மற்ற மாநிலங்கள் வைத்திருக்கின்றன. நாம்தான் கதவைச் சாத்திவிட்டோம். ஆசிரியராகவே சபைக்குள் போக ஒரு வழி இருந்தது, அதுவும் இல்லை.

இடைநிலை

மன்னிக்கவும் அண்ணா, அந்தக் கதவு எங்களுக்கு எப்போது திறந்திருந்தது? அதே 171-ஐ முழுசாகப் படியுங்கள். இடைநிலைக் கல்விக்குக் குறையாத நிலையங்களில் மூன்று வருடம் கற்பித்தவர்களுக்குத்தான் அந்த ஓட்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், அ எழுதக் கற்றுக் கொடுப்பதிலிருந்து முட்டைக் கணக்கு வரை எல்லாம் என் தலையில். ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் நான் ஆசிரியர் தொகுதி வாக்காளர் இல்லை. சாக்பீஸ் சார் நண்பர் பட்டதாரி ஆசிரியர், அவருக்கு ஓட்டு இருந்திருக்கும். எனக்கு இருந்திருக்காது. இந்த மேலவை ஏக்கத்தில் நான் சேரமாட்டேன்.

தாவாக்காரன்

மேடம் சொல்வது சரி. இன்னொன்றும் உண்டு. அந்தத் தொகுதியில் நிற்பவர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இதேபோல் பட்டதாரிகள் தொகுதி விஷயத்தில் நம் ஊர் வழக்கே ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. மெட்ராஸ் மாவட்டப் பட்டதாரிகள் தொகுதியில் ஜெயித்தவர் பட்டதாரி இல்லை என்று வழக்கு. உயர் நீதிமன்றம் வெற்றி செல்லாது என்றது. 1972-ல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டு, ஓட்டுப் போடுபவருக்குத்தான் பட்டம் வேண்டும், நிற்பவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆசிரியர் தொகுதிக்கும் அதே நியாயம்தான். அதனால் மேலவை வந்தால் ஆசிரியர் நுழைந்துவிடுவார் என்று கணக்குப் போடாதீர்கள். கட்சி யாருக்குக் கொடுக்கிறதோ அவர்தான்.

ஹூப்ளிக்காரன்

நான் இருபது வருடமாகக் கர்நாடகத்தில் இருக்கிறேன், இங்கே நடப்பதைச் சொல்கிறேன். பசவராஜ் ஹொரட்டி என்று ஒருவர். உடற்கல்வி ஆசிரியர், நம் மொழியில் டிரில் மாஸ்டர். 1980-ல் ஆசிரியர் தொகுதியில் நின்று மேலவைக்குப் போனார். 2022-ல் எட்டாவது தடவை அதே தொகுதியில் ஜெயித்தார், அதுவும் கட்சி மாறி நின்று. கல்வி அமைச்சராக இருந்தார், மேலவைத் தலைவராகவும் ஆனார். கட்சியைத் தாண்டி ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டார்கள் என்றுதான் இதற்கு அர்த்தம். அலுவலகத்தில் எவருடைய சம்பள நிலுவை எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பார்கள் இங்கே.

2006-ல் கல்வி அமைச்சர் ஆனதும் அவர் கை வைத்தது எதில் தெரியுமா? கன்னட வழி என்று அனுமதி வாங்கிவிட்டு ஆங்கில வழியில் நடத்திக்கொண்டிருந்த பள்ளிகளில். பெரிய ரகளை. மொழிக் கொள்கை வழக்கு கடைசியில் 2014-ல் உச்ச நீதிமன்றத்தில், ஆரம்பக் கல்வியில் தாய்மொழி வழியை அரசு திணிக்க முடியாது என்று முடிந்தது. அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு பேச்சு. எந்தப் பள்ளி எதைச் சொல்லி எதை நடத்துகிறது என்பது ஒரு வாத்தியாருக்குத்தான் வாசலைப் பார்த்ததும் தெரியும்.

பழைய தலைமையாசிரியர்

வணக்கம். 34 வருட சர்வீஸ், அதில் 11 வருடம் தலைமையாசிரியர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. சாக்பீஸ் தம்பிக்கு இரண்டு வார்த்தை.

ஆசிரியராக இருந்தவர்தான் கல்விக்கு நல்லது செய்வார் என்பதை நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த மாநிலத்தில் பள்ளிக்கூடம் பெருகிய காலம் எது? 1954-க்குப் பிறகு. முதலமைச்சர் காமராஜர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், வக்கீல். இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, நிர்வாகத்தில் வளர்ந்தவர். 1953-ல் வந்த அரைநேரப் பள்ளித் திட்டத்தைத் திரும்பப் பெற்றது, 1956-ல் மதிய உணவு தொடங்கியது, ஊர்க்காரர்களே பள்ளிக்கு மேசை நாற்காலி, கட்டடம் கொடுத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் எல்லாம் அந்தக் கூட்டணி செய்தது. மூவரில் ஒருவரும் வாத்தியார் இல்லை. ஆனால் இயக்குநர் சொன்னால் அமைச்சர் கேட்டார், அமைச்சர் சொன்னால் முதலமைச்சர் கேட்டார். அது பெரிய விஷயம்.

அதே சமயம் வாத்தியார் போய் உருப்படவில்லை என்றும் சொல்ல மாட்டேன். அன்பழகன் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். 1957-ல் எழும்பூரில் ஜெயித்துப் போனவர் கடைசி வரை "பேராசிரியர்" என்றேதான் அழைக்கப்பட்டார். 1996 முதல் 2001 வரை கல்வி அமைச்சர். இன்று சென்னை கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித் துறைத் தலைமை அலுவலகங்கள் உள்ள டி.பி.ஐ. வளாகத்துக்கு அவர் பெயர்தான். வளாகத்துக்குள் போனால் இன்னமும் எல்லாரும் டி.பி.ஐ. என்றுதான் சொல்கிறோம், அது வேறு.

இன்னொருவர், வே. வசந்தி தேவி. கல்லூரி ஆசிரியர், முதல்வர், ஆசிரியர் இயக்கத்தில் நின்றவர், 1992 முதல் 1998 வரை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பிறகு மாநில மகளிர் ஆணையத் தலைவர். 2016-ல் ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவை எதிர்த்து நின்றார். தோற்றுப் போவோம் என்று அவருக்குத் தெரியாதா? 2025 ஆகஸ்டில் காலமானார். அரசுப் பள்ளி என்று பேச்செடுத்தால் கடைசி வரை அவர் குரல் இருந்தது. தேர்தலில் ஜெயிக்காமலே கல்வி அரசியல் செய்யலாம் என்பதற்கு இதைச் சொல்கிறேன். உங்கள் நண்பரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மலையோரம்

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு காது எப்போதும் கேரளத்துப் பக்கம் இருக்கும்.

வாத்தியார் கல்வி அமைச்சரானால் என்ன நடக்கும் என்பதற்கு ஜோசப் முண்டசேரியை விட்டால் வேறு கதையே இல்லை. திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரியில் ஆசிரியர், அந்த வேலையை இழந்தவர். 1957-ல் கேரளத்தின் முதல் கல்வி அமைச்சர். வந்த வருடமே கல்வி மசோதா. தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் நேராக அரசிடமிருந்து, நியமனம் தேர்வாணையப் பட்டியலிலிருந்து. மேனேஜர் வீட்டு வாசலில் சம்பளத்துக்கு நின்ற ஒருத்தர்தான் இதை எழுத முடியும். நிர்வாகங்கள் கொதித்தன. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார், 1958-ல் கருத்து வந்தது, சில பிரிவுகள் அடிபட்டன. அப்புறம் அரசை எதிர்த்து விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்), 1959 ஜூலை 31-ல் ஆட்சியே போய்விட்டது. ஒரு மசோதா மட்டும் காரணம் இல்லை, நிலச் சீர்திருத்தமும் இருந்தது, ஆனால் பள்ளிக்கூடம்தான் தீக்குச்சி.

அதே கல்லூரியில் வேதியியல் நடத்திய சி. ரவீந்திரநாத்தான் 2016-ல் கல்வி அமைச்சரானார். பின்னாளில் சுகாதார அமைச்சரான கே.கே. சைலஜாவும் பள்ளி ஆசிரியைதான். 1996-லேயே கூத்துப்பறம்பில் ஜெயித்தார், 2004-ல்தான் வேலையை விட்டார். அங்கே உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் வேலையில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. அரசியலுக்குப் போனவர் தோற்றால் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துவிடலாம். நம் ஊர் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அந்தத் திங்கட்கிழமை இல்லை.

இடைநிலை

அந்தத் திங்கட்கிழமைக்காக எத்தனை பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்களோ, அதையும் சொல்லுங்கள்.

மலையோரம்

அதுவும் உண்மைதான் மேடம். எங்கள் அத்தை வீட்டுப் பிள்ளைகள் அந்த மாதிரி ஒரு பள்ளியில்தான் படித்தார்கள். ஆறு மாதம் பதிலி ஆசிரியர்.

கோப்பு எண்

தலைமைச் செயலகத்தில் இருந்தவன். பெயர் வேண்டாம். சட்டமன்ற உறுப்பினர் ஆனால் கல்வித் துறையை மாற்றலாம் என்று உங்கள் நண்பர் நினைக்கிறார். ஒரு கோப்பு எப்படி நகரும் என்று சொல்கிறேன், அப்புறம் முடிவு செய்யட்டும்.

ஒரு பள்ளிக்கு ஒரு புதுப் பணியிடம் வேண்டும். பள்ளி கேட்கும், முதன்மைக் கல்வி அலுவலர் பரிந்துரைப்பார், இயக்குநரகம் கருத்துரு அனுப்பும். செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார். பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர். அப்புறம் நிதித்துறை. அங்கே "உபரி ஆசிரியர்களைக் கொண்டு ஈடுசெய்ய இயலுமா" என்று ஒரு வரி எழுதித் திருப்புவார்கள். அந்த ஒரு வரிக்குப் பதில் சேகரிக்கக் கோப்பு திரும்ப மாவட்டம் வரை இறங்கும். இந்தப் பாதையில் சட்டமன்ற உறுப்பினர் எங்கே இருக்கிறார்? எங்கேயும் இல்லை. மானியக் கோரிக்கையில் பத்து நிமிடம் பேசலாம், கேள்வி போடலாம், தொகுதி நிதியில் வருடம் 3 கோடியிலிருந்து ஒரு வகுப்பறையோ கழிப்பறையோ கட்டலாம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, பல பள்ளிகளில் உருப்படியாக நிற்கும் ஒரே கட்டடம் அதுதான்.

அமைச்சரானால் வேறு கதை. ஆனால் அமைச்சருக்கும் அதிகாரிக்கும் நடுவில் யார் துறையை நடத்துவது என்ற இழுபறி எப்போதும் உண்டு. 2021-ல் பள்ளிக் கல்வி இயக்குநர் பணியிடத்துக்குப் பதில் ஐ.ஏ.எஸ். ஆணையர் வந்தார். துறைக்குள்ளிருந்து படிப்படியாக வந்தவர் உட்கார்ந்த நாற்காலி அது. சங்கங்கள் கத்தின. 2023-ல் திரும்ப இயக்குநர் வந்தார். இரண்டு வருடத்தில் பெயர்ப் பலகை இரண்டு தடவை மாறியது, கீழே இருக்கும் கிளார்க்குக்கு லெட்டர்பேட் மாறியது, அவ்வளவுதான்.

பழைய தலைமையாசிரியர்

கோப்பு எண் அய்யா சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் சட்டமன்ற உறுப்பினரிடம் நாலு பேர் தினமும் எதற்கு வந்து நிற்கிறார்கள் என்பதை விட்டுவிட்டார். டிரான்ஸ்பர்.

இடைநிலை

அதைத்தான் நானும் எழுத வந்தேன். என் கதையைச் சொல்கிறேன். எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் மாறுதல் கலந்தாய்வு. மாமியாருக்குப் பக்கவாதம், வீட்டிலிருந்து பள்ளி 60 கிலோமீட்டர், இரண்டு பஸ். முதல் நாள் சாயங்காலம் ஒட்டிய காலிப்பணியிடப் பட்டியலில் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளி இருந்தது. நான் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். முன்னுரிமையில் என் எண் 7. அந்த ஆறு பேருக்கும் அந்தப் பக்கம் வீடு இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் ஹாலில் புரொஜக்டர் போட்டார்கள். பட்டியலில் அந்தப் பள்ளி இல்லை. கேட்டால், "நிர்வாக மாறுதல்ல நேத்து ராத்திரி ஆர்டர் ஆயிடுச்சும்மா" என்றார் மேசையில் இருந்தவர், தலை நிமிராமல். என் கையில் படம் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்ய? பக்கத்தில் எங்கள் சங்கப் பொறுப்பாளர் நின்றுகொண்டிருந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ராத்திரி ஆர்டர் அவர் கொண்டுபோன சிபாரிசுதான் என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. அவரும் பிறகு கட்சிக்குப் போனார். நல்ல பேச்சாளர், ஆசிரியர் உரிமை என்று மேடையில் கேட்டால் கண்ணீர் வரும்.

சார், உங்கள் நண்பர் நல்லவர் என்கிறீர்கள், நம்புகிறேன். அவர் சட்டமன்ற உறுப்பினரானால் முதல் நாள் வாசலில் நிற்கப் போவது அவருடைய சங்கத்து ஆட்கள். பத்து வருடம் கூடவே நின்றவர்கள், தேர்தலில் வேலை பார்த்தவர்கள். கையில் ஆளுக்கொரு விண்ணப்பம் இருக்கும். வெளியாள் சட்டமன்ற உறுப்பினரானால் "எனக்கு உங்க துறை தெரியாதுப்பா" என்று தப்பிக்கலாம். இவரால் அதைச் சொல்ல முடியுமா? எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் சொன்னால் வேலை நடக்கும் என்று இவருக்கு அத்துப்படி. துறை தெரிந்தவர் என்பதே அவரைக் கெடுக்கும்.

மேலவைப் பிரியன்

மேடம், இது ரொம்பக் கடுமை. 2003-ல் வேலைநிறுத்தம் செய்த லட்சக்கணக்கான ஊழியரையும் ஆசிரியரையும் ஒரே கையெழுத்தில் வேலைநீக்கம் செய்தபோது யார் நின்றது? சங்கம்தான். ஆகஸ்ட் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையே இல்லை என்று சொன்னபோது, சபைக்குள் நம் குரல் ஒன்றாவது வேண்டாமா?

இடைநிலை

2003-ல் என் கணவரும் ஒருவர். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே போனார். அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் பீரோவில் இருக்கிறது. சங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 2023 டிசம்பரில் அரசாணை 243 வந்து, ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமையை மாநில அளவுக்கு மாற்றியபோது நானும் தெருவில்தான் உட்கார்ந்தேன். பதவி உயர்வு வேண்டுமென்றால் முன்னூறு கிலோமீட்டர் போ என்றால் எந்தப் பெண் போவாள்? அந்த ஆணையை எழுதும் இடத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை இருந்திருந்தால் அது அப்படி வந்திருக்காது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் என் மனசில் இருக்கிறது, நான் என்ன செய்ய.

தாவாக்காரன்

ஒரு யோசனை. நண்பர் தேர்தலில்தான் நிற்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் 75 சதவீதம் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். காகிதத்தில் பெரிய அதிகாரம். எத்தனை பள்ளியில் அது தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு நிற்கிறது என்று நமக்குத் தெரியும். ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியார் ஒன்றியத்தில் உள்ள பள்ளிகளின் குழுக்களுக்கு வரவு செலவு பார்க்கவும், தீர்மானம் எழுதவும் சொல்லிக் கொடுத்தால் போதுமே.

சாக்பீஸ்

இதை அவரிடம் சொன்னேன். "அதுக்கு யாருப்பா மாலை போடுவா?" என்று சிரித்தார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

பழைய தலைமையாசிரியர்

ஹா ஹா. நேர்மையான மனுஷன். அரசியலுக்குத் தேறுவார்.

சாக்பீஸ்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அரையாண்டு விடைத்தாள்.

இடைநிலை மேடம் எழுதியதை அப்படியே அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவராகவே சொன்னார்: போன வருடம் சங்கத்தில் ஒருவருக்காக அவரும் அப்படி ஒரு சிபாரிசுக்குப் போயிருக்கிறார். அந்த இடத்துக்கு வரிசையில் யார் காத்திருந்தார்கள் என்று அன்று கேட்கத் தோன்றவில்லையாம். இப்போது கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு ஆசிரியை. பெயரைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார், என்ன செய்வது என்று தெரியவில்லை என்கிறார்.

விருப்ப ஓய்வு விண்ணப்பம் எழுதி மேசை டிராயரில் இருக்கிறது. தேதி போடவில்லை. மாவட்டப் பொறுப்பாளர் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. இதற்கிடையில் ஒரு வேடிக்கை. அவருக்குத் தேர்தல் பணிக்கான விவரப் படிவம் வந்துவிட்டது. போன தடவை வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், இந்தத் தடவையும் அதேதான் போடுவார்கள் போலிருக்கிறது. சம்பள விவரம், வாக்காளர் அட்டை எண் எல்லாம் நிரப்பி முதல் ஆளாகக் கொடுத்துவிட்டார்.

இடைநிலை

அந்த ஆசிரியை இப்போது எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்று கேட்டீர்களா?

சாக்பீஸ்

கேட்டேன் மேடம். மலை மேல். வாரம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருகிறாராம். இந்த வருடக் கலந்தாய்வில் அவர் எண் 3.